கைதட்டல் கேட்கும் தூரம்

மூலக்குளம், புதுச்சேரி
11.8.2002

அன்புள்ள செல்வாம்பாளுக்கு,

அக்கா எழுதுகிறேன். எனக்கு இரத்த அழுத்தம் அடங்கியிருக்கிறது. மாத்திரையை மறக்கிற பழக்கம்தான் அடங்கவில்லை. தைத்துத் தைத்து வீங்கிய உன் விரல்கள் எப்படி இருக்கின்றன? வடிவேலின் இருமல் நின்றதா?

நீ உடை தைத்துக் கொடுக்கும் நடனக் குழு நவம்பரில் இங்கே வருகிற செய்தி, உன் கடிதத்துக்கு முன்னாலேயே எனக்கு வந்துவிட்டது. டவுனில் ஒரு பள்ளிக்கூடத்து அரங்கில், பிள்ளைகளுக்கு மட்டும் பாலே ஆடிக் காட்டுவார்களாம். வைத்திக்குப்பம் பள்ளியின் தலைமை ஆசிரியை வீடு தேடி வந்துவிட்டார். "டீச்சர், நம்ம புள்ளைங்க கூத்து பார்த்திருக்கும், ரெக்கார்டு டான்ஸ் பார்த்திருக்கும். இதப் பார்த்துச் சிரிச்சி வெச்சிடப் போவுதுங்க. நீங்க வாரம் ஒரு நாள் வந்து சொல்லிக் குடுங்களேன்" என்றார். ஓய்வு பெற்றவளை யாராவது கூப்பிட்டால் நான் எங்கே மறுக்கப் போகிறேன்? ஆனால் நான் பாலே பார்த்ததே இல்லை. ஏன் விரல் நுனியில் நிற்கிறார்கள், ஏன் வாய் திறப்பதில்லை, கதை என்ன, எல்லாம் எழுது.

நம் துர்காவும் அந்த வகுப்பில் இருக்கிறாள். ஐந்தாவது. தம்பி சுப்ரமணி கடலில் போய், வருகிற ஐப்பசியோடு மூன்று வருஷம் முடிகிறது. படகு மட்டும் காலாப்பட்டில் கரை ஒதுங்கியது; அப்பன் செத்ததை அவள் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. காலையில் படகுகள் திரும்பும் நேரத்தில் கரையில் நின்று, "அப்பா, வாப்பா" என்று கூப்பிட்டுவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போகிறாள். அவள் அம்மா அஞ்சம்மாளும் தாலியோடுதான் மீன் கூடை தூக்குகிறாள். உடல் கிடைக்காதவனுக்கு மூன்று வருஷம் பார்த்துவிட்டுக் கருமாதி செய்வது குப்பத்து வழக்கம். தை அமாவாசையில் முடித்துவிட வேண்டும் என்கிறார் குப்பத்துத் தலைவர் அம்மாவாசை. கூடப் பிறந்தவர்கள் நாம் இரண்டு பேரும் சரி சொல்ல வேண்டும். உன் மனசில் இருப்பதை எழுது.

உன் அக்கா,
தனக்கொடி


தூலூஸ்
3.9.2002

அன்புள்ள அக்காவுக்கு,

விரல்கள் காலையில் மடங்க மறுக்கின்றன; வெந்நீரில் வைத்தால் சொன்னபடி கேட்கின்றன. அவருக்கு இருமல் குறைந்திருக்கிறது. நீ மாத்திரையைக் காப்பித் தம்ளருக்குள் போட்டு வை, மறக்காது.

கதை சின்னது. படகோட்டியின் மகள் ஏரியில் மூழ்கிச் சாகிறாள். அவளைக் கட்டிக்கொள்ள இருந்தவன் கரையில் உட்கார்ந்து காத்திருக்கிறான். மூழ்கிப் போன பெண்கள் எல்லாரும் வெள்ளை உடையில் எழுந்து வந்து அவனைச் சுற்றி ஆடுகிறார்கள். விடிந்ததும் தண்ணீருக்குத் திரும்பிவிடுகிறார்கள். குழுவின் தலைவி மதாம் எலியான் தானே கட்டிய கதை. விரல் நுனியில் நிற்பது, தரையில் பாரம் இல்லாதவர்கள் என்று காட்டத்தான். செத்தவர்களுக்குப் பாரம் ஏது? சுற்றும்போது தலை கிறுகிறுக்காமல் இருக்கக் கண்ணை ஒரே இடத்தில் நிறுத்திவிடுவார்கள்.

ஒன்றைப் பிள்ளைகளுக்கு அவசியம் சொல். நடுவில் பேசக் கூடாது. முடிந்ததும் கைதட்ட வேண்டும். திரை மூடினாலும் தட்டிக்கொண்டே இருந்தால் ஆடியவர்கள் மறுபடி வந்து கும்பிடுவார்கள். தட்டத் தட்ட வந்துகொண்டே இருப்பார்கள். நிறுத்தினால்தான் போவார்கள்.

தம்பிக்கு இந்த வருஷம் வேண்டாம் அக்கா.

உடம்பைப் பார்த்துக்கொள்.
செல்வா


மூலக்குளம்
29.9.2002

அன்புள்ள செல்வா,

நீ சொன்ன காப்பித் தம்ளர் யோசனையால் ஒரு மாத்திரை காப்பியிலேயே கரைந்து போயிற்று. மற்றபடி சுகம். வெந்நீரில் கொஞ்சம் கல்லுப்பும் போடு.

நான்கு வாரமாக வகுப்புக்குப் போகிறேன். "தேர் வரும்போது கூட்டத்துக்குப் பின்னால மாட்டிக்கிட்டா எப்படி நிப்பீங்க?" என்று கேட்டேன். எல்லாரும் எக்கி நின்றார்கள். "அதுதான் பாலே. அவங்க ஒரு மணி நேரம் அப்படியே இருப்பாங்க" என்றேன்.

"காலு வலிக்காதா டீச்சர்?"

"வலிக்கும். மூஞ்சில காட்ட மாட்டாங்க."

"எங்கம்மா நல்லா காட்டும்" என்றான் ஒருவன்.

அவர்கள் பாவாடை கொசுவலை மாதிரித் துணியில் தைப்பது என்றேன். "வலையப் போட்டுக்கினு ஆடுவாங்களா? அவங்க இன்னா மீனா?" என்று ஒரே சிரிப்பு. கண்ணை ஒரே இடத்தில் நிறுத்துவதற்கு, கரைக்குத் திரும்பும் அப்பாக்கள் லைட் ஹவுஸைப் பார்த்து வருவதை உதாரணம் சொன்னேன். பிடித்துக்கொண்டார்கள்.

கைதட்டலும் சொன்னேன். அப்போதுதான் துர்கா எழுந்தாள். "அத்தே, கதைல செத்துப் போனவங்களும் வருவாங்களா?"

"வருவாங்க. அந்தப் பொண்ணுதான் முதல்ல வரும். செத்துப் போனதாத்தானே நடிச்சிது?"

"நிறுத்தாம தட்டினா?"

"நிறுத்தாம தட்டினா நிறுத்தாம வரும்."

அவள் உட்கார்ந்துவிட்டாள்.

தம்பிக்கு இந்த வருஷம் ஏன் வேண்டாம் என்று நீ எழுதவில்லை. எனக்கும் மனசு வரவில்லைதான். ஆனால் அஞ்சம்மாள் எத்தனை நாள் சுமங்கலியும் இல்லாமல் விதவையும் இல்லாமல் இருப்பாள்? ஊர் கேட்டால் சொல்ல ஒரு காரணம் வேண்டும்.

உன் அக்கா


தூலூஸ்
20.10.2002

அன்புள்ள அக்கா,

குளிர் ஆரம்பித்துவிட்டது, அதைத் தவிரக் குறை இல்லை. கல்லுப்பு கேட்டது.

உடைகளைப் பெட்டியில் அடுக்கி அனுப்பிவிட்டேன். முக்கியமான பெண்ணின் உடை ஓரத்தில் கண்ணாடி மணி கோத்திருக்கிறேன்; வெளிச்சம் பட்டால் தண்ணீர் சொட்டுகிற மாதிரி இருக்கும். முன்வரிசைப் பிள்ளைகள் பார்க்கிறார்களா என்று கவனித்து எழுது. அங்கே மழை எப்படி? மீன் வரத்து எப்படி? அஞ்சம்மாளுக்கு ஒரு ஸ்வெட்டர் அனுப்பியிருக்கிறேன். அவளுக்கு எதற்கு என்று நீ திட்டுவாய். விடியற்காலையில் ஏலத்துக்குப் போகும்போது போட்டுக்கொள்ளட்டும்.

துர்காவை இன்னும் கரைக்கு விடுகிறாளா?

செல்வா


மூலக்குளம்
24.11.2002

அன்புள்ள செல்வா,

சளி பிடித்திருக்கிறது, மழைக்காலத்துச் சளி, பயப்படாதே. ஸ்வெட்டரை அஞ்சம்மாள் போட்டுக்கொள்கிறாள். "ஆட்டுக்குட்டி கணக்கா இருக்கு அண்ணி" என்று சிரித்தாள். அவள் சிரித்துப் பார்த்து வெகு நாளாயிற்று.

போன சனிக்கிழமை நடனம். உன் கண்ணாடி மணியைப் பிள்ளைகள் பார்த்தார்கள். "நனைஞ்சே வந்திருக்குடி" என்று யாரோ கிசுகிசுத்தது எனக்கே கேட்டது. அதற்குப் பிறகு ஒரு சத்தம் இல்லை. பரீட்சை மண்டபத்தில் இருக்கிற அமைதி எனக்குத் தெரியும். அதில் பேனா உருளும், யாராவது இருமுவார்கள். இது அந்த மாதிரி அமைதி இல்லை. அத்தனை பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிற இடத்தில் அவர்கள் மூச்சுகூட எனக்குக் கேட்கவில்லை.

முடிந்தது. தட்டினார்கள். வெள்ளை உடைப் பெண்கள் வந்து குனிந்து கும்பிட்டுப் போனார்கள். டவுன் பள்ளிப் பிள்ளைகள் நிறுத்திவிட்டார்கள். நம் குப்பத்துப் பிள்ளைகள் நிறுத்தவில்லை. மறுபடி வந்தார்கள், மறுபடியும். கடைசியில் அந்தப் பெண் மட்டும் தனியாக வந்து நின்றாள். சிரிக்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டாள் போல, வெறுங்கால். தலைமை ஆசிரியை துர்காவின் இரண்டு கையையும் பிடித்துப் பிரித்த பிறகுதான் ஓய்ந்தது. உள்ளங்கை மிளகாய்ப் பழம்போலச் சிவந்திருந்தது.

எழுத வந்தது இதுவல்ல. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை அஞ்சம்மாளைப் பார்க்கப் போயிருந்தேன். படகுகள் வருகிற நேரம். பிள்ளைகள் கரையில் வரிசையாக உட்கார்ந்து, கடலைப் பார்த்துக் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். நடுவில் துர்கா. விளையாட்டு இல்லை. பேச்சு இல்லை, முகத்தில் ஒன்றும் இல்லை. அரங்கில் உட்கார்ந்த மாதிரியே முதுகை நிமிர்த்திக்கொண்டு.

"இன்னாடி பண்றீங்க?" என்றேன்.

"நீதானே சொன்ன அத்தே" என்றாள், கையை நிறுத்தாமல்.

உன் அக்கா


மூலக்குளம்
18.12.2002

அன்புள்ள செல்வா,

உன்னிடமிருந்து கடிதம் இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே? எனக்குச் சளி போய்விட்டது, தூக்கம்தான் சரியில்லை.

அவர்கள் நிறுத்தவில்லை. தினமும் காலையில் தட்டுகிறார்கள். நான் போய் எல்லாரையும் உட்கார வைத்து, நாடகம் வேறு, சாவு வேறு என்று விளக்கினேன். திருவிழாவில் எமன் வேஷம் போடுகிறவர் டீக்கடையில் டீ குடிப்பதைச் சொன்னேன். தலையாட்டினார்கள். மறுநாளும் தட்டினார்கள்.

கடலுக்குப் போகிறவர்களுக்குப் பிடிக்கவில்லை. கரை கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னாலேயே கைதட்டல் கேட்கிறதாம். "மோட்டார நிறுத்திட்டுக் கேட்டோம் டீச்சர். கரைப் பக்கம் இருந்து வரல. அந்தாண்ட இருந்து வருது" என்றார் ஒருவர். நான் நம்பவில்லை. ஒரு காலை நானே போய் நின்றேன். கிணற்றில் கத்தினால் குரல் திரும்பும், சுவர் இருப்பதால். மலை முன் கத்தினாலும் திரும்பும். வகுப்பில் எத்தனை முறை சொல்லியிருப்பேன்! கடலுக்குச் சுவர் ஏது? பிள்ளைகள் தட்டி நிறுத்துகிற இடைவெளியில், கொஞ்சம் தாமதமாக, தண்ணீர் பக்கத்திலிருந்து தட்டல் வந்தது. நான் கேட்டேன், செல்வா. எனக்கு இரத்த அழுத்தம் இருக்கிறது, காது அடைக்கும், எல்லாம் சரி. பக்கத்தில் நின்ற நாய் காதை நிமிர்த்திக் கடலைப் பார்த்ததற்கு என்ன சொல்வது?

இப்போது அஞ்சம்மாளும் கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து தட்டுகிறாள்.

போன வாரம் துர்கா தட்டிக்கொண்டே தண்ணீருக்குள் நடந்திருக்கிறாள். இடுப்பளவு போன பிறகு பெரியவர்கள் இழுத்து வந்தார்கள். "தூரமா இருக்குது, அதான் கேக்கல" என்றாளாம்.

அம்மாவாசை என்னிடம் நேரிலேயே சொன்னார். "வெள்ளக்காரன் ஆட்டத்தைக் காட்டிக் கெடுத்துட்டீங்க டீச்சரம்மா. கருமாதி பண்ணாத உசிரு கரையோரமே சுத்தும். அதப் போயி கூப்புடறாளுங்க. தை அமாவாசைல முடிச்சி அனுப்பிட்டாத்தான் அந்தப் பொண்ணு பொழைக்கும்." எனக்கும் இப்போது அப்படித்தான் தோன்றுகிறது. அவள் உயிரோடு இருக்க வேண்டும், அவ்வளவுதான். உன் சம்மதத்தை எழுது.

தனக்கொடி


தூலூஸ்
12.1.2003

அக்கா,

சுகமாக இருக்கிறேன் என்று எழுதினால் நம்ப மாட்டாய், அதனால் எழுதவில்லை. உன் நவம்பர்க் கடிதத்துக்குப் பிறகு எழுதியவற்றைத் தபாலில் போடவில்லை.

கருமாதி வேண்டாம். அஞ்சம்மாள் கழுத்தில் கை வைக்க விடாதே. காரணம் கேட்காதே. தள்ளிப்போடு. துர்காவை உன் வீட்டுக்கு, மூலக்குளத்துக்கு, கூட்டிப் போய்விடு. அங்கே கடல் தெரியாது.

குழு திரும்பி வந்துவிட்டது. மதாம் எலியான் நம் ஊரைப் பற்றிப் பேச்செடுப்பதில்லை. முக்கியமாக ஆடிய பெண் உடையைத் திருப்பிக் கொடுக்க வந்தபோது சொன்னாள். செருப்பைக் கழற்றி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாளாம். மறுபடி மேடைக்குப் போகக் கூடாது என்றுதான் நினைத்தாளாம். கால்கள் தாமாக எழுந்து நடந்தனவாம். "அவர்கள் என்னைக் கூப்பிடவில்லை, எனக்குப் பின்னால் யாரையோ கூப்பிட்டார்கள்" என்றாள்.

தயவுசெய்து தள்ளிப்போடு.

செல்வா


மூலக்குளம்
5.2.2003

அன்புள்ள செல்வா,

உன் கடிதம் அமாவாசைக்கு முன்பே வந்தது. எடுத்துக்கொண்டு ஊர்க் கூட்டத்துக்குப் போனேன். "சின்ன நாத்தனாரு வேணான்றாங்களா, ஏனாம்?" என்று கேட்டார்கள். ஏன் என்று அதில் இல்லையே. நான் என்ன சொல்வேன்? மாணவன் விடையை மட்டும் எழுதி வழியை எழுதாவிட்டால் நானே மதிப்பெண் போட்டதில்லை.

சனிக்கிழமை முடிந்துவிட்டது. வைக்கோலில் உருவம் செய்து, தம்பியின் சட்டையை மாட்டி, கட்டையில் படுக்க வைத்துக் கடலில் தள்ளினார்கள். அஞ்சம்மாள் தாலியைக் கழற்றினார்கள். அவள் அழவில்லை. கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

துர்காவை என் வீட்டில் வைத்திருந்தேன். சொல்லாமல் பஸ் ஏறி வந்துவிட்டாள். மற்றப் பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். உருவம் போகப் போகத் தட்டினார்கள். பெரியவர்கள் அதட்டினார்கள், அடித்தார்கள். அடி வாங்கிக்கொண்டே தட்டினார்கள். அலையைத் தாண்டியதும் உருவம் படுத்த நிலையிலிருந்து எழுந்து நிமிர்ந்தது. கட்டை ஒரு பக்கம் அமிழ்ந்திருக்கும், சரி. ஆனால் அது கரையைப் பார்த்து நின்றது. மெல்லக் குனிந்தது. பிறகு போய்விட்டது.

"பார்த்தியா அத்தே, கும்பிட்டுது" என்றாள் துர்கா. "இன்னொரு தடவ வரும்."

உனக்குத் தெரிந்ததை எழுது.

தனக்கொடி


மூலக்குளம்
9.3.2003

அன்புள்ள செல்வா,

நீ திடமாக உட்கார்ந்துகொண்டு படி. வடிவேலைப் பக்கத்தில் வைத்துக்கொள்.

சுப்ரமணி வந்துவிட்டான்.

வியாழக்கிழமை காலை. பிள்ளைகள் தட்டிக்கொண்டிருந்தார்கள். வடக்கே காலாப்பட்டுப் பக்கமிருந்து, தண்ணீர் ஓரமாகவே, கையில் ஒரு பையோடு நடந்து வந்தானாம். கரையில் இருந்த ஒருத்தரும் எழுந்து அவனிடம் போகவில்லை. வலையைப் போட்டுவிட்டுப் பின்னால் நகர்ந்தார்கள். துர்கா மட்டும் நகரவில்லை. தட்டுவதையும் நிறுத்தவில்லை. பக்கத்தில் வந்து நின்ற அப்பனை அண்ணாந்து பார்த்துக்கொண்டே தட்டினாளாம்.

நான் போய்ப் பார்த்தேன். நம் தம்பிதான். முன்தலை நரைத்திருக்கிறது. நிழல் விழுகிறது, நானும் அதைத்தான் முதலில் பார்த்தேன், கடவுள் என்னை மன்னிக்கட்டும். அன்றைக்குப் படகு காலாப்பட்டில் ஒதுங்கும்போது அவனும் உயிரோடுதான் கரை ஏறியிருக்கிறான்.

"ஏண்டா வூட்டுக்கு வரல?"

"வரணும்னுதான்க்கா ரோட்டுக்கு வந்தேன். மெட்ராஸ் பஸ்ஸு வந்து நின்னுச்சு. ஏறிட்டேன்."

"ஏண்டா?"

"தெர்ல. நின்னுச்சு, ஏறிட்டேன்."

வேறு காரணம் இல்லை. கேரளாவில் விசைப்படகில் வேலை பார்த்திருக்கிறான். இரண்டு தடவை உனக்குப் போன் செய்ததையும், யாரிடமும் சொல்லாதே என்று உன்னிடம் சத்தியம் வாங்கியதையும் அவனே சொன்னான். நான் உன்னை ஒன்றும் கேட்கவில்லை, செல்வா. நீயும் எழுத வேண்டாம்.

இப்போது ஏன் வந்தாய் என்றேன். கார்த்திகையில் ஒரு நாளிலிருந்து காதில் கைதட்டுகிற சத்தமாம். இன்ஜின் சத்தத்துக்கு மேலே கேட்கிறதாம். டாக்டர் காதில் மருந்து விட்டாராம். ஊரை நெருங்க நெருங்கக் குறைந்து, பிள்ளைகள் முன்னால் வந்து நின்றபோதுதான் உள்ளே இருந்த சத்தமும் வெளியே இருந்த சத்தமும் ஒன்றாயிற்றாம்.

குப்பத்தில் யாரும் அவனைத் தொடவில்லை. கருமாதி முடிந்தவன் தானாக வாசற்படி ஏறக் கூடாதாம்; ஏறினால் வீட்டுக்கு ஆகாதாம். உள்ளே இருக்கிற சொந்த இரத்தமோ மனைவியோ நல்ல நாள் பார்த்துப் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும், அப்போதுதான் பிழைத்தவன் கணக்கு என்கிறார் அம்மாவாசை. அதுவரை வலைக் கொட்டகையில் இருக்கிறான். "தாலிய அறுத்துட்டேன். யாருன்னு கூப்புடுவேன்?" என்று அஞ்சம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சோறு மட்டும் கொண்டுபோய்த் தூரத்தில் வைக்கிறாள்.

துர்காவை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. கொட்டகை வாசலில் உட்கார்ந்து தட்டுகிறாள். அவன் கண் அசந்தால் வேகமாகத் தட்டுகிறாள். நிறுத்தினால் திரைக்குப் பின்னால் போய்விடுவான் என்கிறாள். உள்ளங்கை வெடித்துவிட்டது. தூக்கத்திலும் தட்டுகிறாளாம். செத்துப் போன அப்பனைத் தான் கூப்பிட்டு நிறுத்தி வைத்திருப்பதாக நம்புகிறாள்.

தனக்கொடி


தூலூஸ்
28.3.2003

அன்புள்ள அக்கா,

நீ கேட்காமல் விட்டது எனக்கு அடி விழுந்த மாதிரி இருக்கிறது. அஞ்சம்மாள் கழுத்தை நினைத்தால் ஊசியில் நூல் நுழைய மாட்டேன் என்கிறது.

ஒன்று மட்டும் நம்பு. கைதட்டலைப் பற்றி நான் அவனுக்குச் சொல்லவில்லை. இரண்டு வருஷமாக அவனிடமிருந்து போன் இல்லை. பழைய நம்பரில் வேறு யாரோ மலையாளத்தில் பேசினார்கள். உன் டிசம்பர்க் கடிதத்துக்குப் பிறகு நான் கூப்பிடாத நாள் இல்லை. சத்தம் எந்த நாளில் ஆரம்பித்தது என்று அவனைக் கேட்டாயா? கேட்காதே. எனக்குத் தெரிய வேண்டாம்.

பிள்ளையிடம் உண்மையைச் சொல்லச் சொல். நான் சாகவில்லை, விட்டுவிட்டுப் போனேன் என்று அவன் வாயால் சொல்லட்டும். கேட்டால் அவனை வெறுப்பாள். வெறுக்கட்டும். தட்டித் தட்டிச் சாவதைவிட அது மேல்.

உன் மாத்திரையை மறக்காதே.
செல்வா


மூலக்குளம்
20.4.2003

அன்புள்ள செல்வா,

மாத்திரை ஒழுங்காகப் போகிறது. வெயில் தாங்கவில்லை. இதைக் குப்பத்தில், அஞ்சம்மாள் வீட்டு உள்ளறையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

போன வாரம் அவன் சொல்லிவிட்டான். நானும் கூட இருந்தேன். துர்கா தட்டிக்கொண்டே கேட்டாள். பிறகு கை மெதுவாயிற்று.

"நீ செத்துப் போவலையா?"

"இல்லம்மா."

"தட்டினது கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"அதுக்கு முன்னாடி தெனம் கூப்ட்டேனே. வாப்பான்னு. அது கேக்கலையா?"

அவள் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டாள். அதோடு சரி. மறுநாள் கரையில் ஒரு பிள்ளையும் தட்டவில்லை.

அன்றிலிருந்து அவன் ஒரு மாதிரி ஆகிவிட்டான். காதில் சத்தம் நின்றுவிட்டதாம். "ரொம்ப அமைதியா இருக்குக்கா. நான் எங்க இருக்கேன்னே தெர்ல. ஒரு தடவ தட்டச் சொல்லு" என்கிறான். போகிற வருகிற பிள்ளைகளிடமெல்லாம் கேட்கிறான். என்னிடமும் கேட்டான். ராத்திரி தூக்கமில்லாத பிள்ளைக்கு விளக்கு போடுகிறமாதிரிதானே என்று நான் கையைத் தூக்கிவிட்டேன். துர்கா என் மணிக்கட்டைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

இன்றைக்கு நல்ல நாள் என்று அம்மாவாசை குறித்துக் கொடுத்திருந்தார். காலையில் அவனைக் குளிக்க வைத்து, புது வேட்டி கட்டி, வாசலுக்கு எதிரே நிறுத்தினார்கள். அஞ்சம்மாள் அடுப்பைவிட்டு எழவில்லை. எல்லாரும் துர்காவைப் பார்த்தார்கள்.

"பேர் சொல்லிக் கூப்புடு கண்ணு. உங்கொப்பன் உள்ள வரணுமில்ல?" என்றார் அம்மாவாசை.

அவள் வாசற்படியில் வெகு நேரம் நின்றாள். வரக் கூடாது என்று அவள் முகம் சொல்லவில்லை, செல்வா. அதை நான் உறுதியாக எழுதுவேன்.

"செத்தவங்களத்தான் கூப்புடணும்" என்றாள். "உசுரோட இருக்கறவங்க தானா வருவாங்க."

கதவை அகலத் திறந்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அவன் வரவில்லை. போகவும் இல்லை. கூட்டம் கலைந்துவிட்டது. வெயில் உச்சிக்கு வந்து இறங்கியும்விட்டது. மீன் கூடைக்காரிகள் கம்பத்தைச் சுற்றிப் போவதுபோல அவனைச் சுற்றிப் போகிறார்கள். ஒரு காலைத் தூக்குகிறான், குதிகால் எழும்புகிறது, விரல் நுனி மட்டும் தரையில் இருக்கிறது, அப்படியே நிற்கிறான். மறுபடி வைத்துவிடுகிறான். துர்கா கூடத்தில் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறாள். தலையைத் தூக்கவில்லை. அஞ்சம்மாள் மூன்று தட்டு கழுவி வைத்திருக்கிறாள். அவளை யாரும் வைக்கச் சொல்லவில்லை.

இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது அவன் எந்தப் பக்கம் நடந்திருப்பான் என்று எனக்குத் தெரியாது. நானும் கூப்பிடவில்லை; நீ போன் செய்தால் அவனைக் கூப்பிடச் சொல்லாதே. உன் குரல் கேட்டால் அதைப் பிடித்துக்கொண்டு வந்துவிடுவான். அப்படி வரக் கூடாது.

விரல்களைக் குளிர்ந்த தண்ணீரில் நனைக்காதே. வடிவேலுக்கு என் அன்பு.

அக்கா
தனக்கொடி